வெட்டி எறிந்ததைக் காட்டாத பாடங்கள்

வீடியோ எடிட்டிங் கற்க ஆசைப்படும் ஒருவர் இன்று முதலில் தேடிப் போவது யூடியூப் பாடத்தைத்தான். திரையில் ஆசிரியரின் டைம்லைன் ஓடுகிறது. அவர் அழுத்தும் பட்டனை இவரும் அழுத்துகிறார், அவர் வைக்கும் எண்ணை இவரும் வைக்கிறார். கால் மணி நேரத்தில் பாட்டின் தாளத்துக்குப் படம் அதிர்கிறது, எழுத்து பறந்துவந்து நிற்கிறது, ஒரு காட்சி சுழன்று இன்னொன்றாகிறது. இன்னும் அவசரமென்றால் அலைட் மோஷன் ப்ரீசெட் இருக்கிறது. யாரோ செய்துவைத்த அசைவுகளுக்குள் நம் படங்களை மாற்றி வைத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தயார். கல்யாண ஸ்டுடியோக்களில் இதே வேலையை ரெடிமேட் எடியஸ் ப்ராஜெக்ட்டுகள் செய்கின்றன: முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, டைட்டிலுக்கு ஒன்று. பார்த்துச் செய்து பழகும் இந்த முறைதான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே எடிட்டிங் பள்ளிக்கூடம். அதன் பலன் உண்மையானது. ஆனால் புதிதாகக் கற்பவர் ஓரளவுக்கு மேல் வளராமல் நின்றுபோவதற்கும் அதே முறைதான் காரணம் என்று நினைக்கிறேன். எடிட்டிங்கில் கடினமான வேலை, எதை விலக்குவது என்று தீர்மானிப்பது. இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை அந்தத் தீர்மானம் முடிந்த பிறகே தொடங்குகின்றன.

முதலில் பலனைப் பேசிவிட வேண்டும்; அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. கோடம்பாக்கத்தில் எடிட்டிங் என்பது நெடுங்காலம் ஒரு எடிட்டரின் அறைக்குள் உதவியாளராக நுழைய முடிந்தவருக்கு மட்டுமே கிடைத்த கல்வி. ‘பராசக்தி’யை (1952) இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் பஞ்சு எடிட்டரும்கூட. அவர்களிடம் உதவி எடிட்டராகத் தொழிலைத் தொடங்கியவர் பீம்சிங். பீம்சிங்கின் மகன் பி. லெனின், வி. டி. விஜயனோடு சேர்ந்து ‘நாயகன்’ (1987) உள்ளிட்ட படங்களைத் தொகுத்தவர். எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத்தின் தந்தை அக்கினேனி சஞ்சீவியும் எடிட்டர்தான். இவர்களுடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் வர வாய்ப்பில்லை. ஆனால் தொழில் கைமாறி வந்த வழியைப் பார்த்தால், உறவோ அறிமுகமோ இல்லாதவருக்கு அந்தக் கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பதும் புரிகிறது. இன்று டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் இல்லாதவர் கைப்பேசியிலேயே கைன்மாஸ்டரைத் திறக்கலாம். எந்த ஊரில் இருந்தாலும் தமிழிலேயே விளக்கம் கிடைக்கிறது, புரியாவிட்டால் பத்து முறை திருப்பிப் பார்க்கலாம். ஒரு உதவியாளர் மூத்தவரிடம் பத்தாவது முறை அதே கேள்வியைக் கேட்டிருக்க முடியுமா? கருவியின் மீதான பயத்தைப் போக்குவதில் இந்தப் பாடங்களுக்கு இணையாக முன்பு எதுவும் இருந்ததில்லை.

இப்போது அந்தப் பாடங்களில் கையாளப்படும் ஃபுட்டேஜைக் கவனிப்போம். ஐந்தாறு துண்டுகள். எல்லாமே கூர்மையானவை, ஆடாதவை, வெளிச்சம் சரியாக விழுந்தவை. ஒரே வசனத்தின் நான்கு டேக்குகள் அங்கே இல்லை. நடிகர் திணறிய என்ஜி டேக் இல்லை. கேமரா ஓடத் தொடங்கியதற்கும் ஆள் பேசத் தொடங்கியதற்கும் இடையிலுள்ள வெற்று நொடிகள் இல்லை. வேலைக்களத்தில் எடிட்டரின் முன்னால் வந்து குவிவதோ இவைதான். ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் தன் புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் படத்துக்காக எடுக்கப்பட்டது ஏறத்தாழ 12,50,000 அடி ஃபிலிம், 230 மணி நேரத்துக்கும் மேல். திரைக்கு வந்ததோ சுமார் இரண்டரை மணி நேரம். இடம்பெற்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் 95 நிமிடங்கள் வெளியே போயின. எடிட்டர்களின் எண்ணிக்கையையும் வேலை செய்த நாட்களையும் வைத்துப் பார்த்தால், ஒருவர் ஒரு நாளில் செய்த வெட்டுகள் சராசரியாக 1.47. வெட்டி ஒட்டுவதற்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மீதி நேரமெல்லாம் பார்ப்பதிலும் யோசிப்பதிலும் சேர்த்துப் பார்த்துப் பிரிப்பதிலும் போனது. அது ராட்சதப் படம், விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் ஊர் மண்டபத்தில் முந்தின நாள் மாலை தொடங்கி மறுநாள் மதியம்வரை இரண்டு மூன்று கேமராக்கள் எடுத்ததைச் சில நிமிட ஹைலைட்ஸாகச் சுருக்கும் கல்யாண எடிட்டரின் விகிதமும் சாதாரணமானதன்று. அந்த நிமிடங்களுக்கான சட்டகத்தை ரெடிமேட் ப்ராஜெக்ட் தரும். மணப்பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்த நான்கு இடங்களில் எது வேண்டும் என்பதை அது சொல்லித் தராது.

அந்தத் தேர்வில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பேட்டியை எடுத்துக்கொள்ளலாம். வயதான பெண்மணி ஒருவர், “அவர் போன பிறகு…” என்று தொடங்கி நிறுத்துகிறார். மூச்சை இழுக்கிறார், பார்வையைக் கீழே இறக்குகிறார், பிறகு “நாங்க ஊரை விட்டு வந்துட்டோம்” என்று முடிக்கிறார். நடுவிலுள்ள நான்கு நொடிகளை எடுத்துவிட்டால் செய்தி குறைவதில்லை. ஆனால் அந்தப் பெண்மணி குறைந்துவிடுகிறார். அப்படியே விட்டால், அதற்கு முந்தைய பகுதி நீண்டு கிடக்கும்பட்சத்தில், பார்ப்பவர் அந்த அமைதியைத் தொய்வாக எடுத்துக்கொள்வார். அப்படியானால் முந்தைய பகுதியில்தான் குறைக்க வேண்டும். அல்லது அவர் பேசத் தொடங்கும் குரலை முந்தைய ஷாட்டின் மீதே கேட்கவிட்டு, முகத்தை அமைதிக்குச் சற்று முன்னால் கொண்டுவரலாம். இதற்கு ‘ஜே கட்’ என்று பெயர் உண்டு, ஒரு பாடம் பார்த்தால் செய்முறை ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். இந்த இடத்தில் அது வேண்டுமா, குரல் எத்தனை ஃபிரேம் முந்த வேண்டும் என்பது இரண்டு மூன்று விதமாக வெட்டி அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்காமல் வராது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி. நாலைந்து ஃபிரேம்கள் தள்ளிப்போனாலே, தயங்கிய மனிதர் அவசரப்பட்டவராகத் தெரிவார்.

சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920களை ஒட்டிச் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை எல்லா எடிட்டிங் வகுப்புகளிலும் பேசப்படுகிறது. நடிகர் மொஸ்ஜுகினின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றோடு மாற்றி மாற்றி இணைத்தபோது, அவர் பசியையும் துயரையும் ஆசையையும் நடித்துக் காட்டியதாகப் பார்த்தவர்கள் நம்பினார்கள் என்பது கதை. இரண்டு ஷாட்டை ஒட்டினால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும் என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. அந்த முகம் எதையும் உரக்கச் சொல்லவில்லை. உரக்கச் சொல்லும் முகமாக இருந்தால் சோதனையே தோற்றிருக்கும். எதையும் சொல்லாத முகத்தைப் பொறுக்கி எடுத்ததே அங்கே முதல் எடிட்டிங் முடிவு. புதிதாகக் கற்பவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். கையிலிருக்கும் ஃபுட்டேஜில் ‘பலமான’ ஷாட்டுகளை மட்டும் பொறுக்கி வரிசையாக அடுக்குகிறார். எல்லாமே உச்சம் என்பதால் எதுவும் உச்சமாக இருப்பதில்லை. பிறகு அந்தத் தட்டைத்தன்மையை மறைக்க டிரான்சிஷன் தேடுகிறார், அதற்கும் ஒரு பாடம் தயாராக இருக்கிறது.

தாளத்துக்கு வெட்டும் பழக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தமிழில் எடிட்டிங் பழகுபவர்கள் அநேகமாக முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். பாட்டின் ஒவ்வொரு அடியிலும் குறியிட்டு, அந்தக் குறியில் படத்தை வெட்டினால் பார்ப்பதற்கு விறுவிறுப்பாக இருக்கிறது. செய்தவருக்கும் கைக்கு உடனே பலன் தெரிகிறது. காதைக் கூர்மையாக்கும் என்ற அளவில் நல்ல பயிற்சிதான். ஆனால் வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை இசையமைப்பாளர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார், எடிட்டர் அதற்குக் கீழ்ப்படிகிறார். பாட்டை எடுத்துவிட்டு அதே தொகுப்பை ஓட்டினால் ஷாட்டுகளுக்குள் நடப்பதற்கும் வெட்டுகளுக்கும் சம்பந்தமே இல்லாதது அம்பலமாகிவிடும். கை உயர்ந்து முடிவதற்குள் வெட்டு விழுந்திருக்கும், சிரிப்பு மலருமுன் முகம் மாறியிருக்கும். மர்ச் சொல்லும் பயிற்சி இதற்கு நேர் எதிரானது. ஷாட்டை இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, போதும் என்று தோன்றும் கணத்தில் நிறுத்துகிறார். அந்த ஃபிரேமைக் குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டி மறுபடி நிறுத்துகிறார். இரண்டு முறையும் அதே ஃபிரேமில் கை நின்றால், அந்த ஷாட்டின் தாளம் தனக்குப் பிடிபட்டதாக எடுத்துக்கொள்கிறார். நிற்கவில்லையென்றால் அந்த ஷாட்டைப் பற்றிய தன் எண்ணத்தையே சந்தேகிக்கிறார். இதற்கு எந்தக் கட்டண மென்பொருளும் வேண்டாம், ஸ்பேஸ் பாரும் ஒரு துண்டுத் தாளும் போதும். ஆரம்பக்காரர் இதைச் செய்தால் முதல் வாரத்தில் பத்து இருபது ஃபிரேம் வித்தியாசம்கூட வரும். அந்த எண் மெல்லச் சுருங்குவதுதான் முன்னேற்றத்துக்குக் கண்ணால் காணக்கூடிய அளவுகோல்.

எந்தக் கலையும் போலச்செய்தலில்தானே தொடங்குகிறது, எடிட்டிங்குக்கு மட்டும் ஏன் தனி நியாயம் என்று கேட்கலாம். சங்கீதம் கற்கும் குழந்தை சரளி வரிசையைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறது, அங்கே யாரும் சொந்தக் கற்பனையை எதிர்பார்ப்பதில்லை. நியாயமான கேள்வி. ஆனால் சரளி வரிசை பாடும் குழந்தையின் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சுருதி விலகினால் நிறுத்துகிறார், மறுபடி பாடச் சொல்கிறார். குழந்தை பயிலும் விஷயமும் சுரம்தான், பின்னாளில் கச்சேரியில் கையாளப்போவதும் அதே சுரம்தான். எஃபெக்ட் பாடத்தைப் பார்த்துச் செய்பவர் பயில்வது அமைப்புகளின் வரிசையை. அதில் தவறினால் எஃபெக்ட் வராது, சரியாகச் செய்தால் வந்துவிடும். ‘வந்துவிட்டது’ என்பதற்கும் ‘இங்கே பொருந்தியது’ என்பதற்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்ல எதிரில் ஆளில்லை. போலச்செய்தலை நான் மறுக்கவில்லை. எதைப் போலச்செய்கிறோம் என்பதே பிரச்சினை. தேர்ந்த எடிட்டர் ஒருவரின் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டி, வெட்டு விழும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்வதும் போலச்செய்தலின் ஒரு வகைதான், ஆனால் பலமடங்கு பயனுள்ளது. ‘ஆடுகள’த்துக்காகத் தேசிய விருது பெற்ற கிஷோரின் சேவற்சண்டைத் தொகுப்பை அப்படிப் பார்க்கலாம். எந்த நொடியில் சேவலை விட்டு மனித முகத்துக்குப் போகிறது, எந்த முகத்துக்குப் போகிறது, கூட்டம் எப்போது வருகிறது என்று எழுதிக்கொண்டே போனால், வேகம் என்பது வெட்டுகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

இதையும் தாண்டி ஒரு படி போனவர்கள் சோவியத்காரர்கள். புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே ஃபிலிம் சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. புதிதாகப் படமெடுக்க வழியில்லாத குலெஷோவின் மாணவர்கள் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ (1916) படத்தைப் பிரித்துப் பார்த்துப் பயின்றதாகத் திரைப்பட வரலாறுகள் சொல்கின்றன. எஸ்ஃபிர் ஷூப் வெளிநாட்டுப் படங்களை சோவியத் திரைக்கு ஏற்றபடி மறுபடி வெட்டிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘டாக்டர் மபூஸே’யை அவர் அப்படி மாற்றியபோது கூட உட்கார்ந்து பழகியவர் ஐசன்ஸ்டைன். ஷூப் பின்னர், பழைய செய்திப்படங்களைத் தேடியெடுத்து ‘ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’யை (1927) உருவாக்கினார். ஜார் குடும்பத்துக்காக எடுக்கப்பட்ட படத்துண்டுகள் ஜாருக்கு எதிரான சாட்சியமாக மாறின. ஒன்றுக்காக எடுத்ததை வேறொன்றாக ஆக்கும் அந்தத் துணிச்சலைப் பார்த்தால், பிறர் படத்தை வெட்டிப் பழகுவதே சிறந்த வழி என்று தோன்றும். இன்றைய ரசிகர்கள் செய்யும் மாஷ்அப்களும் ஒருவகையில் இதன் வாரிசுகள்தான்.

ஆனாலும் இந்த வழியில் ஒரு குறை உண்டு, அது சிறியதுமில்லை. முடிந்த படம் என்பது ஏற்கெனவே விலக்கி முடித்த படம். அதிலுள்ள ஒவ்வொரு ஷாட்டும் இரண்டு முனையிலும் இறுக்கமாக நறுக்கப்பட்டிருக்கும். அரை நொடி கூடுதலாக வேண்டுமென்றால் கிடையாது, மூன்றாவது டேக்கைப் பார்ப்போம் என்றால் கிடையாது. வசனம், இசை, ஓசை மூன்றும் ஒன்றாகக் கலக்கப்பட்டிருப்பதால் நடுவில் வெட்டினால் பின்னணி இசை துள்ளும். அதை மூட வேறொரு பாட்டைப் போட வேண்டியிருக்கும். பாட்டு வந்தால் வசனம் போகும். மாஷ்அப் செய்பவர்களில் பலர் வசனக் காட்சியை வெட்டக் கற்காமலே இருந்துவிடுவதற்கு இது ஒரு காரணம். மௌனப் பட காலத்து ஷூப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஃபிலிம் காலத்து உதவியாளருக்கும் இல்லை. எடிட்டர் கத்தரித்த சின்னச் சின்ன டிரிம்களைக்கூட எண் பார்த்து அடுக்கித் தொங்கவிட்டு, “இன்னும் ரெண்டு ஃபிரேம் வேணும்” என்று கேட்ட மறுநிமிடம் எடுத்துத் தருவது அவருடைய வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் எது வெளியே போனது, ஏன் போனது, மூன்று நாள் கழித்து எது திரும்ப உள்ளே வந்தது என்பதெல்லாம் அவர் விரல் வழியாகவே நடந்தது. ஒடுக்கமான கதவுக்குப் பின்னால் இருந்த அந்தக் கல்வியின் சாரம் இதுதான். கதவைத் திறந்துவிட்ட இணையப் பாடங்கள் கொண்டுவரத் தவறியதும் இதைத்தான்.

பிழைப்பின் பக்கத்திலிருந்து வரும் எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. இன்று வேலை இருப்பது முப்பது நொடி ரீல்ஸில், கடை விளம்பரத்தில், கல்யாண ஹைலைட்ஸில். வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு மாதிரியைக் காட்டி “இதே மாதிரி வேணும்” என்கிறார். வரும் முகூர்த்த சீசனுக்குள் சம்பாதித்தாக வேண்டிய இளைஞரிடம் போய் 1.47 வெட்டு பற்றிப் பேசுவது என்ன நியாயம்? அவர் ப்ரீசெட்டையும் ரெடிமேட் ப்ராஜெக்ட்டையும் பயன்படுத்துவதில் எந்தக் குற்றமும் இல்லை, முதல் வருமானம் அதில்தான் வரும் என்றால் வரட்டும். நான் சொல்வது அதற்குப் பிறகான காலத்தைப் பற்றி. ஒரு ப்ரீசெட் எவருக்கும் கிடைப்பது என்பதாலேயே அதற்கான கூலி சீக்கிரம் இறங்கிவிடும், சில மாதங்களில் அதன் மோஸ்தரும் போய்விடும். குறுகிய வடிவம் விலக்கலைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. முப்பது நொடிக்குள் ஒரு சமையல் குறிப்பைச் சொல்ல வேண்டுமென்றால், தாளிக்கும் ஓசை வேண்டுமா, வெங்காயம் நறுக்குவது வேண்டுமா என்று நொடிக்கு நொடி முடிவெடுத்தாக வேண்டும். கோடார்டின் ‘ப்ரெத்லெஸ்’ (1960) படத்தில் ஷாட்டுக்குள்ளேயே தாவும் வெட்டுகள், படம் நீண்டுவிட்டதால் குறைத்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் வந்தவை என்பார்கள். இன்று பேசும் தலைகளை நறுக்கும் பல யூடியூப் சேனல்களிலும் அந்தத் தாவல் இருக்கிறது. அதைப் பாணியாக எடுத்துக்கொண்டவர்கள் அது எந்த நெருக்கடியில் பிறந்தது என்று கேட்டுப் பார்த்தால், எங்கே தாவக்கூடாது என்பதும் பிடிபடும்.

கழிவு மிகுந்த ஃபுட்டேஜுக்குப் புதியவர் எங்கே போவார்? கையிலேயே இருக்கிறது. அதிகாலையில் டீக்கடை திறப்பதை நாற்பது நிமிடம் கைப்பேசியில் எடுத்துவந்து மூன்று நிமிடமாக்கலாம். பிறகு அந்த மூன்றை ஒன்றாக்க வேண்டும். இரண்டாவது சுருக்கல்தான் பயிற்சி. முதலில் போவது ஆட்டமும் மங்கலும். அவற்றை விலக்க யாருக்கும் வலிக்காது. இரண்டாவது முறை நல்ல ஷாட்டுகளே போயாக வேண்டும். பால் பொங்கும் அழகான நெருக்கக் காட்சியா, முதல் வாடிக்கையாளர் சில்லறையைத் தேடும் சாதாரணக் காட்சியா என்ற இடத்தில் வந்து நிற்கும்போதுதான், இந்தப் படம் எதைப் பற்றியது என்ற கேள்வி முதன்முறையாக எழும். இசையில்லாமல், டிரான்சிஷன் இல்லாமல், இடத்தின் ஓசையோடு மட்டும் வெட்ட வேண்டும் என்று கட்டுப்படுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. எடுத்தவரே வெட்டும்போது, ஒரு ஷாட்டுக்காகப் பட்ட பாடு அதன் மதிப்பாகத் தெரியும். மாடி ஏறி, வெயிலில் காத்திருந்து எடுத்ததைத் தூக்கிப் போட மனம் வராது. எடிட்டர் படப்பிடிப்புத் தளத்தின் பக்கம் முடிந்தவரை போகக் கூடாது என்று மர்ச் சொல்வது இதனால்தான். பார்வையாளருக்குத் தெரிவதெல்லாம் சட்டகத்துக்குள் இருப்பது மட்டுமே, எடிட்டருக்கும் அது மட்டுமே தெரிந்தால் நல்லது. ஆகவே கற்பவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து ஃபுட்டேஜை மாற்றிக்கொள்வது சிறந்தது. அவர் எடுத்ததை இவர் வெட்ட வேண்டும், இருவரும் வெட்டிய பிறகு மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்தார் என்பதைக் கவனித்தால் போதும், கருத்துகூடக் கேட்க வேண்டியதில்லை.

தமிழில் எடிட்டிங் சொல்லித்தரும் சேனல்களும் பயிற்சி மையங்களும் இதற்காகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கன் சினிமா எடிட்டர்ஸ் அமைப்பு மாணவர்களுக்கு நடத்தும் போட்டியில் எல்லோருக்கும் ஒரே ரஷ்ஷை, அதாவது வெட்டப்படாத முழு ஃபுட்டேஜை, கொடுத்து வெட்டச் சொல்கிறார்கள். திறமையைத் தவிர வேறு எந்த வேறுபாட்டுக்கும் அங்கே இடமில்லை. அதுபோல ஒரு தமிழ்க் காட்சியின் முழு ரஷ்ஷையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கலாம். கடன் கேட்க வந்தவரும் கொடுக்க மனமில்லாதவரும் ஒரு திண்ணையில் பேசிக்கொள்ளும் காட்சி போதும். இருவருக்கும் அண்மை ஷாட்டில் நாலு நாலு டேக், இருவரையும் சேர்த்து இரண்டு டேக், செம்பையும் செருப்பையும் தனியாக எடுத்த துண்டுகள், யாரும் பேசாமல் அந்தத் திண்ணையின் ஓசையை மட்டும் பதிந்த ஒரு நிமிடம், எழுதிய காட்சித்தாள். என்ஜி டேக்குகளை நீக்காமல் அப்படியே விட வேண்டும். இருபதுபேர் வெட்டி அனுப்பினால், கடன் கொடுக்காதவர் கல்நெஞ்சராகத் தெரியும் தொகுப்பும் அதே ஆள் இயலாதவராகத் தெரியும் தொகுப்பும் நிச்சயம் அவற்றில் இருக்கும். ஆசிரியர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எந்த டேக் வெளியே போனதால் இப்படி ஆயிற்று என்று காட்டலாம். இதை எடுக்க இரண்டு நடிகர்களும் ஒரு மதியமும் போதும்.